காது நுனியில் ஓர் அடையாளம்

லண்டனில் தெருப்பூனை பிடிக்கும் தன்னார்வலர்களின் கைப்பக்குவத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும். கம்பிக்கூண்டின் கடைக்கோடியில் மத்தியோ சூரையோ வாசம் வீசும். அதற்கு முன்னால் ஒரு தகடு. பூனை மிதித்ததும் கதவு விழும். குட்டி ஈன்ற தாயை மட்டும் பிடிக்க வேண்டுமென்றால் தானாக மூடும் கூண்டு உதவாது. கதவில் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி, சற்றுத் தள்ளி, குளிரில் காத்திருக்க வேண்டும். கதவு விழுந்த கணமே கூண்டின்மேல் போர்வை. இருட்டு கவிந்ததும், முட்டி மோதிய உயிர் மெல்ல அடங்கும். இந்தப் போர்வைதான் இக்கலையின் உச்சம் என்பேன்.

ஆதரவற்ற விலங்குகளுக்கான பேட்டர்சீ இல்லம் 1883 முதல் பூனைகளை ஏற்கிறது. அறுபதுகளில் புகழ்பெற்ற மாடலாக இருந்த சீலியா ஹாமண்ட் 1986இல் விலங்குகளுக்கென்று தனி அறக்கட்டளையே தொடங்கினார். 2012 ஒலிம்பிக்குக்காக கிழக்கு லண்டனின் ஸ்ட்ராட்ஃபோர்டில் பழைய தொழிற்கூடங்களை இடித்தபோது, அங்கே வாழ்ந்த பூனைகளை மீட்டவர் அவர்.

பிடிபட்டவற்றில், மனிதரோடு பழகும் பூனைக்கு வீடு தேடுகிறார்கள். தோட்டம், சாலை, குழந்தைகள் என்று எல்லாம் விசாரித்த பிறகே கொடுக்கிறார்கள். அந்தக் கறார் நியாயமானது. பழகவே பழகாததைக் கருத்தடை செய்து, பிடித்த இடத்திலேயே விடுகிறார்கள். மயக்கத்தில் இருக்கும்போதே இடது காதின் நுனியைச் சிறிது வெட்டிவிடுவார்கள். பின்னொரு நாள் அதே பூனை கூண்டில் சிக்கினால், காதைப் பார்த்ததும் கதவைத் திறந்துவிடலாம். இரண்டாம் முறை மயக்கமருந்தும் கத்தியும் அதற்கு இல்லை.