மூன்று வான்கோழிகளும் ஒரு மேசையும்

ஃபிலிப் த ஷோவ்ரோன் இயக்கி 2014இல் வெளியான 'கடவுளுக்கு நாம் என்னதான் செய்துவிட்டோம்?' என்ற பிரெஞ்சுக் குடும்ப நகைச்சுவைப் படத்தைப் பிரான்சில் மட்டும் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அரங்குகளில் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். பல இடங்களில் வாய்விட்டுச் சிரித்தேன். அதை மறைத்துவிட்டு விமர்சனம் எழுதுவது நேர்மையாகாது. எதற்குச் சிரித்தேன் என்பதுதான் இங்கே பிரச்சினை.

ஷினோன் என்ற ஊரின் வசதியான நோட்டரி கிளோத் வெர்னெய். கத்தோலிக்கர், த கோல் பக்தர். மூன்று மகள்கள் ஓர் அரபு முஸ்லிமையும் ஒரு யூதரையும் ஒரு சீனரையும் கட்டிக்கொண்டுவிட்டார்கள். நாலாவது மகள் கத்தோலிக்க மாப்பிள்ளையைக் கொண்டுவருகிறாள். பெயர் ஷார்ல். பெற்றோர் நிம்மதிப் பெருமூச்சு விடுகிறார்கள். ஆள் வந்து நின்றால், ஐவரி கோஸ்ட்டைச் சேர்ந்த கறுப்பர்.

'எல்லாரையும்தானே கிண்டல் பண்றான், இதுல எங்க இனவாதம் இருக்கு?' என்று ஒரு நண்பர் கேட்டார். கிளோதையும் படம் விட்டுவைக்கவில்லை, உண்மைதான். ஆனால் கிண்டலைச் சமமாகப் பங்கு வைத்தால் அதிகாரமும் சமமாகிவிடுமா? கிறிஸ்துமஸ் விருந்துக்கு மாமியார் மூன்று வான்கோழி சமைக்கிறார்: ஒன்று ஹலால், ஒன்று யூத முறைப்படி, ஒன்று சீனப் பாணியில். மாப்பிள்ளைகள் மாமனார் மனம் குளிர பிரான்சின் தேசிய கீதம் பாடுகிறார்கள். கறி மூன்று விதம், மேசை மாமனாருடையது. ஏற்றுக்கொள்வதா வேண்டாமா என்று தீர்மானிக்கிற உரிமையும் அவருடையதே. உள்ளே வந்துவிட்ட மூவரும், நாலாவது ஆள் வரும்போது கல்யாணத்தை நிறுத்தத்தான் முனைகிறார்கள். படம் தன்னையறியாமல் உண்மை பேசுகிற இடம் இது.

இன்னொன்று. ஒருவர் வழக்கறிஞர், ஒருவர் வங்கிக்காரர். 2005இல் கிளிஷி-சு-புவாவில் போலீசுக்குப் பயந்து மின்நிலையத்தில் ஒளிந்த இரண்டு சிறுவர்கள் மின்சாரம் தாக்கி இறந்ததும், பிரான்சின் புறநகர்கள் மூன்று வாரம் எரிந்தன. அந்தப் புறநகரிலிருந்து ஒரு மாப்பிள்ளைகூட இந்த வீட்டுக்கு வரவில்லை. வர்க்கத்தைக் கழித்துவிட்டு மிஞ்சுவதைத்தான் படம் பன்மைத்துவம் என்று காட்டுகிறது.

ஷார்லின் அப்பா கோஃபி, காலனியத்தைச் சொல்லிக் கல்யாணத்தை எதிர்க்கிறார். அவருடைய நாடு 1960 வரை பிரெஞ்சுக் காலனி. அந்தக் கோபத்தை கிளோதின் வெறுப்போடு ஒரே தராசில் வைத்து, 'ரெண்டு கிழவனுக்கும் ஒரே வியாதி' என்கிறது பிரதி. பிறகு இருவரும் சேர்ந்து மீன் பிடித்து, குடித்து, சமாதானமாகிறார்கள். ஆண்டவனின் முன்முடிவும் ஆளப்பட்டவனின் நினைவும் ஒன்றுதான் என்றாகிவிடுகிறது. நான் சிரித்த இடங்களில் இதுவும் ஒன்று. வெட்கமாக இருக்கிறது.

மார்தினிக்கில் பிறந்த கறுப்பினக் கலைஞர் லூசியன் ழான்-பாப்திஸ்த் இயக்கி நடித்த 2017ஆம் ஆண்டுப் படம் ஒன்றில் ஒரு கறுப்பினத் தம்பதி வெள்ளைக் குழந்தையைத் தத்தெடுக்கிறார்கள். சமூகநல அலுவலர் அவர்களைச் சந்தேகத்தோடு கண்காணித்தபடியே இருக்கிறார். இங்கே கேள்வி தலைகீழாகிறது: யாருடைய குடும்பம் தன்னைக் குடும்பம் என்று நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது? மனைவியின் செனகல் பெற்றோரைக் கேலிச்சித்திரமாக்குவதில் இந்தப் படமும் சறுக்குகிறது. ஆனாலும் கண் மாறியிருக்கிறது.

அதில் மனைவியாக நடித்த அய்சா மய்கா, 2018இல் 15 நடிகைகளோடு சேர்ந்து 'கறுப்பி என்பது என் தொழிலல்ல' என்ற நூலைக் கொண்டுவந்தார். 2020 செசார் விருது மேடையில், அரங்கில் எத்தனை கறுப்பர்கள் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை என்றார். பிரெஞ்சுக் குடியரசு தன் மக்களை இனவாரியாக எண்ணுவதில்லை. 2007இல் அரசியலமைப்பு மன்றமும் அப்படி எண்ணுவதற்குத் தடை போட்டது. ஷோவ்ரோன் படமோ எண்ணத்தான் செய்கிறது: ஓர் அரபு, ஒரு யூதர், ஒரு சீனர், ஓர் ஆப்பிரிக்கர். சிரிக்க வைப்பதற்காக எண்ணினால் அது பன்மைத்துவம். கணக்குக் கேட்பதற்காக எண்ணினால் பிரிவினை என்கிறார்கள்.

பிரதிநிதித்துவம் பற்றிப் பேசும் நாம் திரையில் எத்தனை முகங்கள் என்று பார்த்ததோடு நிறுத்திக்கொள்கிறோம். மேசை யாருடையது என்று கேட்பதிலிருந்துதான் விமர்சனம் தொடங்க முடியும்.