பிடியாளின் மாற்று

வடசேரியில் கோயில் நகை செய்யும் ஆசாரிமார் வெள்ளியில் வடிவம் எடுத்து, சிவப்புக் கல் பதித்து, தங்க ரேக்கு ஏற்றுவார்கள். வாங்க வருபவர் கல்லின் ஒளியில் மயங்குவார். தொழில் தெரிந்தவரோ கல் குழியில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பார். கபடியில் பிடியாளைத் தேர்ந்தெடுப்பதற்கு இந்த இரண்டாவது பார்வை வேண்டும்.

பாடிப் போகும் ரைடரை எடைபோடுவது எளிது. தொட்டுத் திரும்பினால் புள்ளி பலகையில் ஏறிவிடும். பிடியாளின் வேலையில் பாதி எந்தப் பலகையிலும் ஏறாது.

நம் பக்கத்துப் பிடி மரபுக்கு மூன்று பள்ளிகள் உண்டு. முதலாவது மண் தரைப் பள்ளி. கொடை விழாவிலும் சர்ச் திருவிழாவிலும் விளக்கு வெளிச்சத்தில் நடக்கும் ஆட்டங்களில் வெறுங்கால் மண்ணைக் கவ்வும்; துணிச்சல் முதலில் வரும், கணக்கு பிறகுதான் வரும். இரண்டாவது துறை அணிப் பள்ளி. ரயில்வே, போலீஸ், மின்வாரியம் என்று வேலையோடு ஆட்டத்தையும் வளர்த்தவர்கள் ஒழுங்கைக் கற்றார்கள். தஞ்சாவூர் மாவட்டத்துத் தர்மராஜ் சேரலாதன் நாற்பதைக் கடந்த வயதில், 2016இல் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வாங்கியதற்கு அந்த ஒழுங்கும் காரணம். மூன்றாவது, 2014இல் புரோ கபடி தொடங்கிய பின் வந்த மேட் பள்ளி. இங்கே ஷூ, வேகம், வீடியோ. 2022 ஏலப் பட்டியலில் பெங்களூரு கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டியின் இறுதிக்கு வந்த இரண்டு அணிகளின் 24 வீரர்களும் சேர்க்கப்பட்டனர். கல்லூரி மைதானத்திலிருந்து ஏல மேடைக்கு நேர்வழி திறந்தது.

அப்படி வரும் கல்லூரிப் பையன் கார்னரில் நிற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். எதைப் பார்ப்பது?

முதலில் கால். ஆறு பேருக்குக் குறையாமல் தடுப்பில் நிற்கும்போது ரைடர் போனஸ் கோட்டைத் தாண்டி ஒரு காலை வைத்து, மறுகாலைக் காற்றில் தூக்குவார். அவர் ஒற்றைக் காலில் நிற்கும் அந்தக் கணம்தான் கார்னர் ஆட்டக்காரரின் நேரம். குனிந்து கணுக்காலை வளைத்தால் பிடி. கண் ரைடரின் தோளிலேயே நின்றுவிட்டால் நேரம் போய்விடும். "லேய் மக்கா, காலப் பாரு" என்று ஓரத்திலிருந்து குரல் வருவது இதற்குத்தான்.

இரண்டாவது, கூட்டு. கார்னர் காலைப் பற்றியதும் கவர் ஆட்டக்காரர் வழியை மறித்து மேலே விழாவிட்டால் ரைடர் இழுத்துக்கொண்டே நடுக்கோட்டைத் தொட்டுவிடுவார். ஆகவே கார்னரை மட்டும் பார்த்து மார்க் போடக் கூடாது. அவன் பாய்ந்தபோது பக்கத்தில் நிற்பவனும் நகர்ந்தானா என்று பார்க்க வேண்டும். நல்ல பிடியாளுக்குக் கூட்டாளியின் காலடி காதில் கேட்கும்.

மூன்றாவது, அடக்கம். அவசரப் பாய்ச்சல் தவறினால் ரைடருக்குப் புள்ளி, தனக்கு வெளியேற்றம். மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நிற்கும்போது பிடித்தால் சூப்பர் டேக்கிள், இரண்டு புள்ளி; ஆசை அங்கேதான் அதிகம் இழுக்கும். ஒரே ஆட்டத்தில் ஐந்து பிடிப் புள்ளி எடுத்தால் 'ஹை ஃபைவ்'. கைதட்டலும் அதற்குத்தான். ஆனால் அந்த ஐந்துக்காக எத்தனை முறை வீணாக வெளியேறினான் என்று எண்ணாதவர் தேர்வாளர் அல்ல.

பிடிக்கு இப்போது விலையும் வந்திருக்கிறது. இரானின் முகமதுரேசா சியானேவை 2023 ஏலத்தில் புனேரி பல்டன் 2.35 கோடி ரூபாய்க்கு எடுத்தது. லெஃப்ட் கார்னரில் பெயர் பெற்ற ஆள் அவர். தமிழ் தலைவாஸ் சாகர், சாஹில் என்ற இளம் கார்னர்களை நம்பியது. அதன் ரைடர் பவன் ஷெராவத் முதல் ஆட்டத்திலேயே காயமடைந்து வெளியேறிய ஒன்பதாவது சீசனில்தான் அந்த அணி முதன்முறையாக அரையிறுதிக்குப் போனது.

எனவே கல்லூரி ஆட்டத்துக்குப் போகும் தேர்வாளருக்கு ஒரு யோசனை. நோட்டில் பிடித்த பிடிகளுக்கு ஒரு பத்தி போடுங்கள்; பாய்ந்திருக்கக்கூடிய நேரத்தில் பாயாமல் நின்ற இடங்களுக்கு இன்னொரு பத்தி போடுங்கள். இரண்டாவது பத்தியில் எழுத ஏதுமில்லாத பையனை அடுத்த வருஷமும் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.