பழைய தேசப்படங்களும் பெயர் மயக்கமும்

பழம்பொருள் சேர்ப்போரிடையே, கவுண்டி எனப்படும் இங்கிலாந்து ஜில்லாக்களின் பழைய படங்களுக்குப் பெருமதிப்புண்டு. அவற்றுள்ளும் ஜான் ஸ்பீடு என்பாரின் படங்களையே பலர் முதலில் நாடுகின்றனர். அம்மதிப்பு முற்றும் தகுதியானதா என்பதைச் சிறிது ஆராய்வோம்.

ஸ்பீடின் தொகுதியை 1611-12இல் லண்டனில் சட்பரி, ஹம்பிள் என்னும் இருவர் வெளியிட்டனர். நகரப் படங்களும் பிரபுக்களின் விருதுச் சின்னங்களும் ஓரங்களை நிறைக்க, தாள்கள் கண்ணைக் கவர்கின்றன. அழகில் குறை கூற இடமில்லை. ஆயின் செப்புத் தகடுகளைச் செதுக்கியவர் ஆம்ஸ்டர்டாம் நகரத்து ஹோண்டியஸ். நிலத்தை அளந்தவரோ பெரும்பாலும் கிறிஸ்டபர் சாக்ஸ்டன். அவர் நாடெங்கும் திரிந்து அளந்து, 1579இல் 34 ஜில்லாப் படங்களைத் தொகுதியாக்கினார். ஜான் நார்டனின் உழைப்பும் ஸ்பீடின் படங்களில் கலந்துள்ளது. இதை ஸ்பீடு மறைத்தாரில்லை. சர்ரே ஜில்லாப் படத்தில் நார்டன் பெயரைப் பொறித்தேயிருக்கிறார். மறந்தவர்கள் வாங்குவோரும் விற்போருமே. மேலும், நார்டன் 1593இலேயே மிடில்செக்ஸ் படத்தில் சாலைகளைக் காட்டினார். ஸ்பீடு சாலைகளை விட்டுவிட்டார். வழி காட்டாத குறையை அலங்காரம் ஈடுசெய்யுமா?

இனிக் காலக் கணக்கு. தகட்டில் 1610 என்றிருப்பதால் தாளும் அவ்வாண்டினதே என்று கொள்ளுதல் தவறு. அத்தகடுகள் பல கை மாறி, 1676இல் பாசெட், சிஸ்வெல் என்போரால் மீண்டும் அச்சேறின. பதினெட்டாம் நூற்றாண்டிலும் ஓயவில்லை. சாக்ஸ்டனின் தகடுகளுக்கும் இதே கதிதான். 1645இல் வில்லியம் வெப் அவற்றை வெளியிட்டார். அந்நூற்றாண்டின் இறுதியில் பிலிப் லீ சாலைகளைப் புதிதாகச் செதுக்கிச் சேர்த்தார். ஆகவே, பதிப்பாளர் பெயரையும் தாளின் பின்புறத்து அச்செழுத்தையும் பார்த்தே காலத்தைத் துணிதல் வேண்டும். தோட்டக் கணக்கேட்டைச் சரிபார்ப்பவர் மேலட்டையை மட்டும் கண்டு கையெழுத்திடுவாரா?

தொகுதியைப் பிரித்துத் தாள்தாளாக விற்கும் வழக்கத்தை நாம் இதனாலேயே கண்டிக்கிறோம். தனித்தாள் கண்ணாடிச் சட்டத்துள் ஏறியதும் பின்புற எழுத்து கண்ணுக்கு மறைகிறது. காலத்துக்குச் சாட்சி சொல்லும் எழுத்தும் அதுவே. முன்னுரையும் அட்டவணையும் வேறு தாள்களும் எங்கெங்கோ சிதறுகின்றன. ஒருமுறை குலைந்த தொகுதி மீண்டும் ஒன்றுசேர்வது அரிது. விற்பவருக்கு இலாபம், அறிவுக்கு நஷ்டம்.

பழமை என்ற ஒன்றுக்காகவே பணிவது அறிவுடைமையாகாது. அளந்தவர் யார், செதுக்கியவர் யார், இத்தாள் அச்சானது எப்போது என்னும் மூன்று கேள்விகளையும் அன்பர்கள் கேட்டே வாங்குவார்களாக. ஸ்பீடின் அழகைப் போற்றுவதில் நமக்குத் தடையில்லை. வெயிலிலும் மழையிலும் நடந்து அளந்த சாக்ஸ்டனின் பெயரையும் உடன் சொல்லவேண்டுமென்பதே நம் வழக்கு.