பிள்ளைத்தமிழும் பேசாப் பிள்ளையும்

பினாங்கு ஜார்ஜ் டவுனில், முன்னாளில் பிட் வீதி என வழங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை அறியாத தமிழர் இந்நாட்டில் அரியர். 1801-ஆம் ஆண்டு தென்னிந்திய முஸ்லிம்களின் தலைவர் காதர் முகைதீன் நிறுவிய பள்ளிவாசல் அதில் நிற்கிறது. வடகோடியில் 1818-இல் எழுந்த புனித ஜார்ஜ் தேவாலயம். இடையே சீனர் வணங்கும் கருணைத் தேவி கோயில். அண்டையிலுள்ள குயின் வீதியில் 1833-இல் கட்டப்பெற்ற மகா மாரியம்மன் ஆலயம். இரண்டரை வயதாகியும் வாய் திறவாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, இவ்வாயில்களுள் எதில் ஏறுவது, எங்கே நேர்ந்துகொள்வது என்று கலங்கும் தாய் தந்தையரை நாம் அறிவோம். அவர்கள் தொழுவது பற்றி நமக்கு வழக்கில்லை. தொழுதபின் வீடு திரும்பி, ‘ஐந்து வயதிற் பேசுவான்’ என்று காத்திருக்கிறார்களே, அக்காத்திருப்பிற்கு நம் இலக்கியம் எவ்வளவு பொறுப்பாளி என்பதையே ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

குமரகுருபரர் வரலாற்றை நம்மவருள் கேளாதார் இலர். 17-ஆம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்திற் பிறந்த அப்பிள்ளை ஐந்தாண்டுவரை பேசவில்லையென்றும், பெற்றோர் திருச்செந்தூர்ச் சந்நிதியில் நோன்பு கிடக்க, நாத் திறந்து கந்தர் கலிவெண்பாப் பாடினாரென்றும் கூறுவர். பின்னாளில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடிய பெருங்கவி அவரே. ஒரு கவியின் பெருமையை உயர்த்த எழுந்த கதை என்ற அளவில் அதற்கு நாம் குறை கூறோம். அவருக்கு ஆட்டிசம் இருந்ததென்று இத்தனை நூற்றாண்டு கடந்து முத்திரை குத்த எவரேனும் துணிவரேல், அதுவும் வீண் வேலையே. ஆனால் தோட்டத்து லயத்திலும் பட்டணத்துக் கடையிலும் அக்கதை சொல்லப்படும்பொழுது மருந்துச் சீட்டாக மாறிவிடுகிறது. ஐந்தாம் வயதிற் பேசிய ஒருவர் பெயர் நின்றது. ஐந்து கடந்தும் பேசாதோர் எத்தனை பேரோ, அவர்களை எவரும் எழுதிவைத்தாரில்லை. மூளை விரைந்து வளரும் ஆண்டுகளை இக்கதையை நம்பிக் கழித்துவிட்டு, ஆறாம் வயதில் பள்ளி வாயிலில் நின்று அழும் பெற்றோருக்குக் கதை சொன்னவர் யாது விடை கூறுவர்?

வியப்பு யாதெனில், அதே கவிஞர் கையாண்ட பிள்ளைத்தமிழே அக்கதைக்கு மறுப்பாக நிற்கிறது. பெரியாழ்வார் பாசுரங்களில் வித்தூன்றி, 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தரின் குலோத்துங்கசோழன் பிள்ளைத்தமிழாய் உருப்பெற்று, சைவர், வைணவர், இஸ்லாமியர், கிறித்தவர் யாவரும் எடுத்தாண்ட இவ்விலக்கியம் குழந்தையை மாதக் கணக்கில் உற்றுப் பார்க்கிறது. 3-ஆந் திங்கள் முதல் 21-ஆந் திங்கள்வரை ஒற்றைப்படைத் திங்களிற் பாடுக என்பது பாட்டியலார் கூறும் ஒரு கணக்கு. சப்பாணியில் பிள்ளை கைகொட்ட வேண்டும். முத்தத்தில் முகம் கொடுக்க வேண்டும். வருகையில், அழைத்தால் அடிபெயர்த்து வரவேண்டும். அம்புலியில், காட்டிய திங்களோடு விளையாட வேண்டும்.

இனி, இன்று மருத்துவர் கையிலுள்ள எம்-சாட் என்னும் வினாப் பட்டியலை எடுத்து வாசியுங்கள். 16 முதல் 30 மாதப் பிள்ளைகளுக்கென அமைந்தது. திருத்திய வடிவில் வினாக்கள் 20. பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறதா? நீர் செய்வதைப் பார்த்துச் செய்கிறதா? நீர் சுட்டிய பொருளை நோக்குகிறதா? தான் கண்ட புதுமையை உமக்குக் காட்ட விரல் நீட்டுகிறதா? இவை பேச்சைப் பற்றிய வினாக்கள் அல்ல. பேச்சுக்கு முன்னே நிற்பவை. பேச்சு வரவில்லையே என்று மூன்றாம் வயதிற் கவலுறும் நாம், நிலவைக் காட்டியபொழுது பிள்ளை விரலையும் பாராமல் நிலவையும் பாராமல் இருந்ததை ஒன்றரை வயதிலேயே கண்டிருக்கலாம். தாய்மார் கண்டதைத்தான் புலவர் பாடினர். புலவர் பாடியதை நாம் பதவுரை பொழிப்புரையோடு மனப்பாடம் செய்து மறந்தோம்.

இப்பிரபந்தத்தின் குறையையும் மறைத்தலாகாது. அது தெய்வத்தையும் அரசரையும் பெரியோரையுமே பிள்ளையாக்கிற்று. ஆகவே அதிற் பின்தங்கும் பிள்ளை இல்லை. வருகைப் பருவத்திலேயே இரண்டாண்டு நிற்கும் குழந்தைக்கு அங்கே செய்யுள் கிடையாது. அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுத் தாயைச் சுடும் ஊர்வாய்க்கு இத்தகைய அட்டவணை நல்ல விறகு. மேனாடும் இதில் நம்மினும் மேலன்று. 1943-இல் லியோ கானர் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதி ஆட்டிசத்திற்கு மருத்துவ நூலில் இடம் தந்தார். ஆயின் தாயின் அன்பின்மையே காரணமென்ற கொள்கை பின்னர்ப் பரவி, புரூனோ பெட்டல்ஹைம் 1967-இல் எழுதிய நூலால் வலுப்பெற்றது. ஆட்டிசமுள்ள மகனின் தந்தையாகிய பெர்னார்டு ரிம்லாண்டு 1964-லேயே அதை மறுத்திருந்தும் தாய்மார் பட்ட பழி எளிதில் நீங்கவில்லை. தமிழிலோ ‘மதியிறுக்கம்’ என்றொரு சொல் செய்து வைத்திருக்கிறோம். மதி இறுகியதென்று யார் கண்டார்?

எனினும் பிள்ளைத்தமிழில் நாம் போற்றும் இடம் ஒன்றுண்டு. அதிற் பிள்ளை ஒரு சொல்லும் மறுமொழி பேசுவதில்லை. வருக வருக என்று பத்துப் பாட்டும் பாடுபவர் வாயிலிருந்தே எழுகின்றன. அம்புலியிடம் சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நான்கு உபாயங்களையும் செலுத்தியும் நிலவு இறங்கி வருவதில்லை. பாட்டுத் தோற்றதென்று எவரும் கூறவுமில்லை. பேச்சுப் பயிற்சியாளர் இன்று பெற்றோருக்குக் கற்பிப்பது ஏறக்குறைய இதுவே: பிள்ளையின் கண்மட்டத்திற்குத் தாழ்ந்து உட்காருக, அது பார்ப்பதை நீயும் பார்த்துப் பெயர் சொல்லுக, ஒரே ஆட்டத்தை மீட்டும் மீட்டும் ஆடுக, விடைக்குச் சற்றே இடம் விடுக, வாராவிடினும் தொடர்க.

இந்நாட்டு அரசுக் கிளினிக்குகளில் 18-ஆம் மாதத்திலும் மூன்றாம் வயதிலும் மேற்கூறிய வினாக்கள் கேட்கப்படுகின்றன. தாதி கேட்கும்பொழுது ‘எல்லாம் சரி’ என்று நாணத்தால் தலையசைப்போர் நம்முள் பலர். ஐயம் உண்டென்று சொன்னவர்க்கோ, நிபுணரைக் காணும் நாள் பல மாதங்களுக்கு அப்பால் குறிக்கப்படலாம். அந்நாள்வரை நோய்க்குப் பெயரில்லை. பெயரில்லையென்பதால் பயிற்சியும் வேண்டாமென்று வீட்டிற் பெரியவர் கூறுவர். அது தவறு. முடிவு தெரியுமுன்னரே பேச்சுப் பயிற்சிக்கும் உடற்செயற் பயிற்சிக்கும் அனுப்புமாறு அக்கிளினிக் மருத்துவரையே கேட்கலாம். செவிப்புலனையும் அப்பொழுதே சோதித்துவிட வேண்டும், காது கேளாத பிள்ளையும் அழைத்தால் திரும்பாதாகலின்.