திருவிருந்துக்கு வந்தவர்கள்

இங்மார் பெர்க்மனின் 'விண்டர் லைட்' (1963) பற்றிப் பேச்சு எடுத்தாலே 'கடவுளின் மௌனம்' என்ற சொல்லும் கூடவே வந்துவிடும். அதைச் சொன்ன பிறகு பேசுவதற்கு ஒன்றுமில்லாததுபோல் நாம் ஆளுக்கொரு பக்கம் தலையாட்டிவிட்டுக் கலைந்துவிடுவோம். பெர்க்மனும் தன் அடுத்த படத்துக்கு 'மௌனம்' என்றே பெயர் வைத்து இந்த வாசிப்புக்கு உதவி செய்திருக்கிறார். ஆனால் 'விண்டர் லைட்'டின் சுவீடிஷ் தலைப்புக்குக் குளிர்காலத்தோடோ ஒளியோடோ எந்தச் சம்பந்தமும் கிடையாது. 'திருவிருந்தில் பங்குகொள்பவர்கள்' என்பதுதான் அதன் பொருள். தலைப்பு பன்மையில் இருக்கிறது. எனக்கு இந்தப் பன்மைதான் முக்கியமாகப் படுகிறது.

படம் 81 நிமிடம். கதை ஒரே ஞாயிற்றுக்கிழமைக்குள், சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. சுவீடனின் ஒரு கிராமத்து லுத்தரன் கோயிலில் போதகர் தோமஸ் ஆராதனை நடத்துகிறார். விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான் வந்திருக்கிறார்கள். பத்து நிமிடத்துக்கு மேல் அந்த ஆராதனையை மட்டுமே காட்டுகிறார் பெர்க்மன். ஒளிப்பதிவாளர் ஸ்வென் நிக்விஸ்ட் ஒவ்வொரு முகத்தின் அருகிலும் நின்று பார்க்கிறார். மனைவி இறந்த பிறகு தோமஸுக்கு விசுவாசம் போய்விட்டது. காய்ச்சல் வேறு. இருந்தும் அப்பத்தையும் ரசத்தையும் கொடுக்கிறார்.

ஆராதனை முடிந்ததும் யோனாஸ் என்ற மீனவர் தன் கர்ப்பிணி மனைவி கரினோடு அவரைப் பார்க்க வருகிறார். சீனாவிடம் அணுகுண்டு வரப்போகிறது என்று எங்கோ படித்ததிலிருந்து யோனாஸுக்கு வாழவே பயம். மனைவியை வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பி வருகிறார். அவர் சொல்வதைக் கேட்க வேண்டிய தோமஸ், தன் சந்தேகங்களையெல்லாம் அவரிடம் கொட்டுகிறார். கடவுள் இல்லை என்றால் எல்லாம் சுலபமாக விளங்கிவிடும் என்கிறார். யோனாஸ் எழுந்து போகிறார். போதகருக்கு ஏதோ விடுதலை கிடைத்த மாதிரி இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் செய்தி வருகிறது: யோனாஸ் ஆற்றங்கரையில் தன்னைத் தானே சுட்டுக்கொண்டார்.

கடவுளின் மௌனம் என்று மட்டும் சொன்னால் இந்த இடத்தில் நடந்தது மறைந்துவிடும். இங்கே கடவுள் பேசவில்லை என்பது உண்மைதான். ஆனால் மனிதர் ஒருவர் அளவுக்கு மீறிப் பேசினார். ஒரு சின்ன சபையில் போதகரின் சந்தேகம் அவருடைய சொந்த விஷயமாக இருக்க முடியாது.

என் தொழிலிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். பெரிய கட்டடத்தில் ஒரு தூண் பலவீனமானால் பக்கத்துத் தூண்கள் சுமையைப் பகிர்ந்துகொள்ளும்படி வடிவமைக்கலாம். நாலே தூண் உள்ள கொட்டகையில் அதற்கு வழி குறைவு. ஜூலையில் புக்கிட் மெர்த்தாஜாம் புனித அன்னாள் ஆலயத் திருவிழாவுக்கு நான் போகாவிட்டால் யாருக்கும் தெரியாது. தைப்பூசத்துக்குப் பத்துமலை போகாவிட்டாலும் அப்படியே. கூட்டத்தின் விசுவாசம் என்னைச் சுமந்துகொண்டு போய்விடும். கடைவீட்டு மாடியில் பத்துப் பதினைந்து பேரோடு நடக்கும் ஒரு தமிழ்ச் சபையில் ஒருவர் வராவிட்டால் நாற்காலியே சொல்லிவிடும். "ஏன் போன வாரம் காணோம்?" என்று யாராவது கேட்பார்கள். சில சமயம் அது தொல்லை. சில சமயம் ஒருவர் உயிரோடு இருப்பதற்கு அந்தக் கேள்வியே காரணமாக இருக்கும். யோனாஸிடம் அந்தக் கேள்வியைக் கேட்க அன்றைக்கு ஆள் இல்லை.

அப்படியென்றால் சின்ன சபையில் விசுவாசம் என்பது என்ன? மனசுக்குள் இருக்கும் உறுதியா? படத்தில் அந்த உறுதி யாரிடமும் இருப்பதாகத் தெரியவில்லை. தோமஸை நேசிக்கும் பள்ளி ஆசிரியை மார்த்தாவுக்குக் கடவுள் நம்பிக்கையே இல்லை. அவள்தான் திருவிருந்துக்கும் வருகிறாள், கடைசி ஆராதனைக்கும் வருகிறாள். இரண்டுக்கும் நடுவில் வகுப்பறையில் வைத்துத் தோமஸ் அவளை வார்த்தையாலேயே கிழித்துப் போடுகிறார். பிறகு, என்னோடு வருகிறாயா என்றும் கேட்கிறார். அவள் போகிறாள்.

இன்னொருவர் கோயில்பிள்ளை அல்காட். கூன் விழுந்தவர், உடல் வலியோடே வாழ்பவர். கிறிஸ்துவின் பாடுகளைப் படித்துவிட்டு அவர் ஒரு கணக்குப் போடுகிறார். சிலுவையில் உடல் வலி சில மணி நேரம்தான், தனக்கே அதைவிட அதிகம். கூட இருந்த சீடர்கள் ஒன்றும் புரிந்துகொள்ளாமல் தூங்கியதும், கடைசியில் பிதாவும் கைவிட்டுவிட்டார் என்று தோன்றியதும்தான் பெரிய வலியாக இருந்திருக்கும் என்கிறார். எந்த இறையியல் பள்ளியிலும் படிக்காதவர் சொல்வது இது. கைவிடப்படுவதுதான் பாடு என்றால், கைவிடாமல் கூட இருப்பதுதான் விசுவாசம். அல்காட் இப்படிச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். ஆனால் மெழுகுவத்தி ஏற்றி, மணியடித்து அவர் செய்துகொண்டிருப்பது அதைத்தான்.

கடைசிக் காட்சியில் இன்னொரு கோயில், மாலை ஆராதனை. மார்த்தாவைத் தவிர சபையார் யாரும் வரவில்லை. ரத்துசெய்தாலும் யாரும் குறை சொல்லப்போவதில்லை. தோமஸ் பீடத்தின் முன் வந்து ஆராதனையைத் தொடங்குகிறார். படம் முடிகிறது.

இந்த முடிவுக்குப் பின்னால் நடந்த ஒன்றைப் பெர்க்மன் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா எரிக் பெர்க்மனும் லுத்தரன் போதகர். இருவரும் ஒரு கிராமத்துக் கோயிலுக்குப் போனபோது, உடம்பு சரியில்லை, இன்றைக்குத் திருவிருந்து கிடையாது என்றார் அந்த ஊர்ப் போதகர். வயதான அப்பா எழுந்து உள்ளே போய், தானே உதவிக்கு நின்று திருவிருந்தை நடத்த வைத்தார். என்ன நடந்தாலும் ஆராதனை நடக்க வேண்டும் என்ற விதி மகனுக்கு அங்கே கிடைத்தது. படத்துக்கு முடிவும் கிடைத்தது.

எனக்கு இதில்தான் ஒரு தடை. இது போதகர் மகனின் விதி. பீடத்தின் பக்கம் நின்று பார்ப்பவனுக்கு ஆராதனை தொடர்வதே பெரிய வெற்றி. யோனாஸின் மனைவி கரினை நினைத்துப் பாருங்கள். தோமஸ் அவள் வீட்டுக்குப் போய்ச் சாவுச் செய்தியைச் சொல்கிறார், வேதம் வாசிக்கட்டுமா என்று கேட்கிறார். வேண்டாம் என்கிறாள். பிள்ளைகள் சாப்பாட்டு மேசையில் இருக்கிறார்கள். அவர் கிளம்பிவிடுகிறார். படமும் அவரோடேயே கிளம்பிவிடுகிறது. கரின் பிறகு வருவதே இல்லை.

மதியம் திருவிருந்து வாங்கியவள் அவள். தலைப்பின் பன்மையில் அவளும் உண்டு. அன்றைக்கு மாலை நடந்த ஆராதனை உண்மையானதா, வெறும் பழக்கமா என்று விமர்சகர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். தோமஸின் முகத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அதற்கு விடை கிடைக்காது என்றே நினைக்கிறேன். திங்கட்கிழமை காலையில் கரின் வீட்டுக் கதவை யார் தட்டினார்கள் என்று தெரிந்தால் அந்தச் சபையின் விசுவாசத்தைப் பற்றி ஏதாவது சொல்லலாம். மார்த்தா போயிருப்பாள் என்பது என் ஊகம். அல்காட்டும், அந்த வலியோடு, மெதுவாக நடந்து போயிருப்பார். தோமஸைப் பற்றி அப்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை.