ஒரு புள்ளியில் வெல்வதை வரைந்தவர்

2017 ஜூலையில் பெங்களூரு கண்டீரவா உள்விளையாட்டரங்கில் ஜப்பான் பெண்கள் கூடைப்பந்து அணி ஆஸ்திரேலியாவை 74-73 என்று வீழ்த்தி ஆசியக் கோப்பையைத் தட்டிச் சென்றது. 2019 செப்டம்பரில் மறுபடியும் பெங்களூருதான். இந்த முறை ஜப்பானிடம் வீழ்ந்தது சீனா, 71-68. இரண்டு இறுதி ஆட்டத்திலும் எதிரணிதான் உயரம். இரண்டிலும் கடைசி நிமிடம் வரை கோப்பை யாருக்கு என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

குள்ளமான அணி எப்படி ஜெயிக்கிறது? ஸ்கோர்கார்டு இதற்குப் பாதி பதிலைத்தான் சொல்லும். மீதியை நான் பார்த்தது ஒரு மங்காவில், அதாவது ஜப்பானியப் படக்கதையில். தகேஹிகோ இனோவே 1990 முதல் 1996 வரை ‘வீக்லி ஷோனென் ஜம்ப்’ இதழில் வரைந்த ‘ஸ்லாம் டங்க்’. மொத்தம் 31 தொகுதிகள். அதன் உச்ச ஆட்டத்தில் ஷோஹோகு என்ற பள்ளி, நடப்புச் சாம்பியன் சன்னோவை வெல்லும் கணக்கு 79-78. அதுவும் ஒரே புள்ளி.

இனோவே பள்ளி நாட்களில் கூடைப்பந்து ஆடியவர். 1967-ல் ககோஷிமாவில் பிறந்து, கல்லூரியைப் பாதியில் விட்டுத் தோக்கியோ வந்து, ‘சிட்டி ஹண்டர்’ வரைந்த சுகாசா ஹோஜோவிடம் உதவியாளராகக் கை பழகினார். 1988-ல் ‘கயெதே பர்ப்பிள்’ என்ற சிறுகதை தெசுகா விருதுப் போட்டியில் அவருக்குப் பரிசு வாங்கித் தந்தது. அதன் நாயகன் ருகாவா, பிறவி ஆட்டக்காரன். பந்து கைக்கு வந்தால் கூடைக்குள் போய்விடும் ரகம். அடுத்த ஆண்டு வேறொருவர் கதைக்கு ‘கமீலியன் ஜெயில்’ வரைந்தார். அது சில வாரங்களிலேயே நின்றுபோனது. 1990-ல் ‘அகா கா சுகி’ என்று இன்னொரு சிறுகதை. அதில் வருவது செந்தலை அடிதடிப் பையன்.

அதே ஆண்டு தொடர் ஆரம்பிக்கும்போது இனோவே செய்த மாற்றம்தான் அவருடைய படைப்பு வாழ்க்கையின் மிகச் சிறந்த நகர்வு என்பேன். ருகாவாவை நாயகன் இடத்திலிருந்து இறக்கிப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, பந்தைத் தட்டவே தெரியாத செந்தலை சகுராகியை நடுவே கொண்டுவந்தார். திறமைசாலியை நடுவில் வைத்தால் வாசகன் கைதட்டுவான். ஒன்றுமே தெரியாதவனை வைத்தால் அவனோடு சேர்ந்து ஆட்டத்தைக் கற்றுக்கொள்வான். டிரிபிள், லே-அப், கூடைக்கடியில் எதிராளியை முதுகால் அடைத்து இடம்பிடிக்கும் பாக்ஸ் அவுட் எல்லாம் ஒவ்வொன்றாக வாசகனுக்கும் வந்து சேர்ந்தது. சிறுகதைகள் இரண்டும் தனித்தனியாக நின்றிருந்தால் இன்று யாருக்கும் நினைவிருக்காது. இரண்டையும் மோதவிட்டதில் பிறந்ததுதான் இந்தத் தொடர்.

சன்னோ ஆட்டத்துக்கு வருவோம். இடைவேளையில் ஷோஹோகு 36-34 என்று முன்னிலை. அதன் பிறகு சன்னோ முழுக்களத்திலும் சோன் பிரஸ் போட்டு நெருக்க, பந்தை நடுக்கோட்டைத் தாண்டி எடுத்துப் போகவே முடியவில்லை. பின்தங்கல் இருபது புள்ளிக்கு மேல் போகிறது. இப்போது பயிற்சியாளர் அன்சாய் சகுராகியைப் பெஞ்சில் உட்காரவைத்து ஒரு கணக்குச் சொல்கிறார். நம் அணி தவறவிட்ட ஷாட்டை நாமே ரீபவுண்ட் எடுத்தால், எதிரணிக்குப் போகவிருந்த இரண்டு புள்ளி தடைபடும்; நமக்கு இரண்டு புள்ளிக்கான வாய்ப்பு திரும்பக் கிடைக்கும். ஆக ஒரு ரீபவுண்டின் மதிப்பு நான்கு. கூடையில் பந்து போடாமலே ஒருவன் ஆட்டத்தைத் திருப்பலாம் என்பதை இத்தனை தெளிவாகச் சொன்ன விளையாட்டு எழுத்தை நான் படித்ததில்லை. பயிற்சியாளர்கள் இந்தப் பக்கங்களை நகலெடுத்து உடைமாற்றும் அறையில் ஒட்டிவைக்கலாம்.

கடைசி நொடிகள் கிட்டத்தட்ட வசனமே இல்லாமல் போகும். 78-77 என்று சன்னோ முன்னிலை. ருகாவா பந்தோடு பாய்கிறான், இரண்டு பேர் எழும்பி அவனை மறைக்கிறார்கள், வலப்பக்கம் சகுராகி கைகளை ஏந்தி நிற்கிறான். தொடர் முழுக்க ஒருவனை ஒருவன் சகிக்காத அந்த இருவருக்கும் இடையே பந்து போகிறது. சகுராகி போடுவது, பந்தைக் கூடைக்குள் நேராக அமுக்கும் டங்க் இல்லை. தேசியப் போட்டிக்கு முன்னால் இருபதாயிரம் முறை எறிந்து பழகிய சாதாரண ஜம்ப் ஷாட். தொடரின் பெயரே ‘டங்க்’ என்றிருக்க, வெற்றிப் புள்ளியை ஜம்ப் ஷாட்டில் வைத்த துணிச்சலுக்கு இனோவேக்குத் தலைவணங்க வேண்டும். அடுத்த ஆட்டத்தில் ஷோஹோகு படுதோல்வி அடைவதை அவர் ஒரே வரியில் கடந்துபோகிறார். உயிரைக் கொடுத்து ஆடிய அணிக்கு மறுநாள் கால் எழும்பாது. களத்தில் நின்றவருக்கு இது தெரியும்.

முதலில் சொன்ன ஜப்பான் பெண்கள், டாம் ஹோவாஸ் பயிற்சியில் ஆடியதும் இப்படி ஒரு கணக்குப் போட்டுத்தான். உயரத்தோடு மல்லுக்கு நிற்காமல் ஓட்டத்தையும் மூன்று புள்ளி எறிதலையும் நம்பினார்கள். 2019 ஆசியக் கோப்பையின் சிறந்த ஆட்டக்காரர் விருது பாயின்ட் கார்டு நாகோ மோதோஹாஷிக்குப் போனது. அந்தப் பாதையிலேயே நடந்து தோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வரை சென்றார்கள். 2017-ல் அதே பெங்களூருவில், அதே வாரத்தில், நம் இந்தியப் பெண்கள் கசகஸ்தானை 75-73 என்று வென்று ஆசியக் கோப்பையின் முதல் பிரிவுக்கு ஏறினார்கள். இரண்டு புள்ளியில் வெல்லத் தெரிந்தவர்கள் நம்மிடமும் இருக்கிறார்கள். அந்த வெற்றியை அக்குவேறு ஆணிவேறாக அலசி எழுதியவர்கள்தான் இல்லை. எனக்கு இது பெரிய வருத்தம்.

இனோவே ‘ஸ்லாம் டங்க்’கோடு நின்றுவிடவில்லை. 1998-ல் வாள்வீரன் முசாஷியின் கதையான ‘வேகபாண்ட்’, 1999-ல் சக்கர நாற்காலிக் கூடைப்பந்து பற்றிய ‘ரியல்’. விளையாட்டு அலசல் என்று பார்த்தால் ‘ரியல்’ இன்னும் ஆழமானது. நாற்காலியைத் திருப்ப ஒரு கை போய்விட்டால் பந்துக்கு எந்தக் கை மிஞ்சும் என்பதையெல்லாம் அது வரைந்து காட்டும். 1998-ல் வந்த ‘பியர்சிங்’ சிறுகதையில் ர்யோதா என்று ஒரு சிறுவன். அதே பெயர் பிறகு திரையிலும் வந்தது: 2022-ல் இனோவே தானே எழுதி இயக்கிய ‘தி ஃபர்ஸ்ட் ஸ்லாம் டங்க்’ படத்தின் நாயகன் ஷோஹோகுவின் பாயின்ட் கார்டு ர்யோதா மியாகி, உயரம் 168 செ.மீ. படத்தின் முதுகெலும்பு அதே சன்னோ ஆட்டம்தான், இந்த முறை களமிறங்கும் ஐவரில் குள்ளமானவனின் கண்ணில்.

பெங்களூரு சர்ச் ஸ்ட்ரீட் புத்தகக் கடைகளில் மங்கா அலமாரியைச் சுற்றிப் பிள்ளைகள் கூட்டம் இருக்கும். கூடைப்பந்து ஆடுகிறவர்கள் அதில் ‘ஸ்லாம் டங்க்’கின் கடைசி ஆறேழு தொகுதிகளைத் தேடி எடுங்கள். முதல் வாசிப்பில் கதைக்காக ஓடிவிடுவீர்கள். இரண்டாவது முறை பென்சிலோடு உட்கார்ந்து, ஷோஹோகு எடுக்கும் ரீபவுண்டுகளை மட்டும் குறித்துக்கொண்டே வாருங்கள்.