அணைத்தவர் கற்றது அடுத்த ஊருக்குப் போகிறதா?

2016 செப்டம்பரில் ஓரிரவு கிளிநொச்சிப் பொதுச்சந்தை பற்றி எரிந்தபோது அந்த நகரத்துக்கென்று தீயணைப்புப் பிரிவு கிடையாது. யாழ்ப்பாணத்திலிருந்து ஏ-9 வீதி வழியாக அறுபது கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓடி வர வேண்டும். போர் முடிந்த ஏழாண்டுகளில் கடன் உடன் வாங்கிச் சரக்கு நிரப்பியவர்களின் கடைகள் வரிசையாகக் கருகிப்போயின. அதன்பிறகு, கிளிநொச்சி நகரத்தைத் தன் எல்லைக்குள் கொண்ட கரைச்சிப் பிரதேச சபை தனக்கென ஒரு தீயணைப்புப் பிரிவை அமைத்துக்கொண்டது. ஆனால் புதிதாக ஒரு பிரிவைத் தொடங்கும் சபைக்கு வண்டியும் ஆளும் கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. பம்பை எந்த அழுத்தத்தில் ஓட்டுவது, தண்ணீர் பவுசர் காலியானால் அடுத்த தண்ணீருக்கு எங்கே போவது, தகரக் கூரைக்கடியில் புகை தேங்கி நிற்கும் கடைக்குள் ஆளை அனுப்பலாமா கூடாதா என்பதையெல்லாம் யாராவது சொல்லித்தர வேண்டும். யார் சொல்லித்தருவது, அது அவருடைய கடமையா பெருந்தன்மையா என்பதற்கு இலங்கையிலும் இந்தியாவிலும் வெவ்வேறு விடைகள் இருக்கின்றன. பயிற்சியைப் பகிர்வதில் இந்தியா வெகுதூரம் முன்னே சென்றிருக்கிறது. தீ அணைந்தபின் அதிலிருந்து கற்றதைப் பகிர்வதிலோ இரு நாடுகளும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கின்றன. எனக்குப் பெரிய குறையாகப் படுவது இந்த இரண்டாவதுதான்.

இலங்கையில் தீயணைப்பு உள்ளூராட்சியின் வேலை. நாட்டிலுள்ள 341 உள்ளூராட்சி மன்றங்களில் வசதியுள்ள மாநகர சபைகள் படை வைத்திருக்கின்றன. நகர சபைகளிலும் பிரதேச சபைகளிலும் பல, பக்கத்து மன்றத்தின் வண்டியை நம்பியிருக்கின்றன. துறைமுகம், விமான நிலையம், முப்படைகள் ஆகியவற்றுக்குத் தனித்தனி ஏற்பாடு. இவற்றுள் மூத்ததும் பெரியதும் கொழும்பு மாநகர சபையின் தீயணைப்புப் படை. 1996 ஜனவரி 31 அன்று மத்திய வங்கி குண்டுவெடிப்பில் கோட்டைப் பகுதியின் உயர்ந்த கட்டடங்கள் எரிந்ததைப் போன்ற தீயை எதிர்கொண்ட அனுபவம் அங்கேதான் இருக்கிறது. ஆகவே மற்ற மன்றங்கள் ஆலோசனைக்கும் பயிற்சிக்கும் கொழும்பைப் பார்ப்பது இயல்பு. ஆனால் கொழும்பு மாநகர சபை கொழும்பு வரிப்பணத்தில் நடப்பது. வவுனியாவின் ஆளைப் பயிற்றுவிப்பது அதன் சட்டக் கடமையல்ல. பகிர்வு நடந்தால் அது அதிகாரிகளின் நல்லெண்ணத்தால் நடக்கிறது. அதிகாரி மாறினால் என்ன ஆகும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

இந்தியாவிலும் தீயணைப்பு மத்திய அரசின் கையில் இல்லை. அரசியலமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணை அதை நகராட்சிகளின் பணிகளுள் ஒன்றாக வைக்கிறது. அதிகாரம் மாநிலங்களிடமும் நகரங்களிடமும் இருக்க, அறிவை மட்டும் பொதுவில் வைக்க ஒரு வழி கண்டார்கள். 1955இல் உள்துறை அமைச்சகம் தீயணைப்புக்கான நிலையான ஆலோசனைக் குழுவை அமைத்தது. அடுத்த ஆண்டே தேசியத் தீயணைப்புப் பணிக் கல்லூரி உத்தரப்பிரதேசத்தின் ராம்பூரில் தொடங்கி, 1957இல் நாக்பூருக்கு இடம்பெயர்ந்தது. கொச்சியின் அதிகாரியும் குவாஹாத்தியின் அதிகாரியும் ஒரே மைதானத்தில் ஒரே ஏணிப் பயிற்சி பெற்றவர்களாக இருக்க முடிகிறது. ஆபத்து நேரத்தில் முன்பின் தெரியாத இருவர் ஒரே சொல்லால் பேசிக்கொள்ள இது உதவும். அந்த ஆலோசனைக் குழுவுக்குக் கட்டளையிடும் அதிகாரம் கிடையாது என்பதும் உண்மை. அது 1958இல் மாதிரிச் சட்ட வரைவு ஒன்றைத் தந்தது. தமிழ்நாடு தனக்கெனத் தீயணைப்புப் பணிச் சட்டம் இயற்றியது 1985இல். ஆலோசனை சட்டமாக 27 ஆண்டுகள் ஆயிற்று. ஆனாலும் ஆலோசனை கேட்க ஓர் இடம் என்று ஒன்று இருந்தது. இலங்கையில் அந்த இடமே இல்லை. இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. இலங்கை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது, மாநிலம் முழுவதற்கும் ஒரே துறை வைத்திருக்கும் தமிழ்நாட்டை அல்ல. மாநகராட்சிகளே படைகளை நடத்தும் மகாராஷ்டிராவையும் குஜராத்தையும்தான். மகாராஷ்டிராவில் படைகள் மாநகராட்சிகளிடமே இருக்க, மாநில அளவில் ஓர் இயக்குநரகமும் பயிற்சிக் கழகமும் செயல்படுகின்றன. தேசியப் படை ஒன்றை உருவாக்கி எல்லாவற்றையும் கொழும்பிலிருந்து நடத்த வேண்டியதில்லை என்பதற்கு அது போதிய சான்று.

அப்படியானால் நாக்பூர் மாதிரியை இலங்கை அப்படியே எடுத்துக்கொண்டால் சரியாகிவிடுமா? கோவிட் காலத்து மருத்துவமனைத் தீகளைப் பார்த்தவர்கள் ஆம் என்று சொல்லமாட்டார்கள். 2020 ஆகஸ்ட் 6இல் அகமதாபாத்தின் ஷ்ரே மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவு எரிந்து 8 நோயாளிகள் இறந்தார்கள். நவம்பரில் ராஜ்கோட்டில் ஒரு கோவிட் மருத்துவமனை எரிந்தது. 2021 ஜனவரி 9இல் மகாராஷ்டிராவின் பண்டாராவில் அரசு மருத்துவமனையின் சிசுப் பராமரிப்புப் பிரிவில் 10 குழந்தைகள் இறந்தார்கள். ஏப்ரலில் விராரிலும் மே முதல் நாளில் பரூச்சிலும் மருத்துவமனைகள் எரிந்தன. ஒன்பது மாதங்கள், அடுத்தடுத்த இரண்டு மாநிலங்கள், ஏறக்குறைய ஒரே காட்சி: மின்கருவிகள் நிரம்பிய மூடிய அறை, அங்கே பிறந்த நெருப்பு, எழுந்து ஓட முடியாத நோயாளிகள். கோவிட் வார்டுகளில் இதோடு இன்னும் இரண்டு சேர்ந்தன. வென்டிலேட்டரும் குளிர்சாதனமும் இரவு பகலாக நிற்காமல் ஓடியதில் ஒயர்கள் சூடேறின. முகமூடிகளிலிருந்து கசிந்த ஆக்சிஜன் அறைக் காற்றில் கூடினால், சாதாரணமாகக் கருகி அணைந்துவிடக்கூடிய மெத்தைத் துணியும் நொடியில் கொழுந்துவிடும். ஷ்ரே தீயை அணைத்தவர்கள் கண்டதை இரண்டு பக்கத்தில் எழுதி, வாரத்துக்குள் எல்லா மாவட்ட மருத்துவமனைகளுக்கும் அந்தந்த ஊர்த் தீயணைப்பு நிலையங்களுக்கும் அனுப்பியிருக்க முடியும். பண்டாரா நாக்பூரிலிருந்து சுமார் அறுபது கிலோமீட்டர்தான். இதைக் கல்லூரியின் குற்றமாக நான் சொல்லவில்லை. மருத்துவமனைகளைச் சோதிப்பது அதன் வேலையில்லை. ஆனால் நாட்டின் தலையாய தீயணைப்புக் கல்லூரி அவ்வளவு அருகில் இருந்தும் ஒரு பாடம் அந்தத் தூரத்தைக் கடக்கவில்லை என்றால், வகுப்பறையைத் தவிர வேறு ஒரு வழியும் தேவைப்படுகிறது.

இலங்கைக்கும் இதே அனுபவம் வேறு வடிவத்தில் உண்டு. 2021 நவம்பர், டிசம்பரில் வீடு வீடாகச் சமையல் எரிவாயு அடுப்புகளும் சிலிண்டர் இணைப்புகளும் வெடித்தன. முதலில் ஒவ்வொன்றும் தனி விபத்தாகப் பேசப்பட்டது. ரப்பர் குழாய் பழசு, ரெகுலேட்டர் சரியில்லை, வீட்டுக்காரர் கவனக்குறைவு என்று. உயிர்ப்பலியும் நேர்ந்தது. பின்பு அமைக்கப்பட்ட ஜனாதிபதிக் குழு, சிலிண்டருக்குள் இருந்த புரொப்பேன், பியூட்டேன் விகிதம் மாற்றப்பட்டிருந்ததைக் காரணமாகக் காட்டியது. ஓர் ஊரில் ஒரு வெடிப்பைப் பார்ப்பவருக்கு விகிதம் மாறியது தெரியாது. பத்து ஊர்க் குறிப்புகளை ஒருவர் ஒரே மேசையில் வைத்துப் படித்தால் இரண்டாவது வாரத்திலேயே சந்தேகம் வந்திருக்கும். அந்த மேசை இல்லாததற்குக் கொடுத்த விலை உயிர்கள்.

நடந்ததை எழுதிப் பகிர்ந்தால் அது நாளை நீதிமன்றத்தில் சாட்சியாகிவிடும், அதனால்தான் அதிகாரிகள் வாய் திறப்பதில்லை என்று சொல்வார்கள். நியாயமான அச்சம்தான். ஏணி எட்டவில்லை, வண்டி தாமதம், முதல் பத்து நிமிடம் தவறான வாசலில் தண்ணீர் அடித்தோம் என்று எழுதுகிறவர் அடுத்த மாதமே பணியிடை நீக்கத்தில் இருக்கலாம். ஆனால் பேசாமல் இருந்தால் பாடம் நீதிமன்றம் வழியாகத்தான் ஊர் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. 2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். நாடு முழுவதும் பள்ளிகளுக்கான தீப் பாதுகாப்பு பற்றி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2009இல். ஐந்தாண்டு என்பது எத்தனை கல்வியாண்டு! பொறுப்பை விசாரிப்பது ஒரு பாதை, கற்றதைச் சொல்வது வேறொரு பாதை என்று பிரிப்பது சட்டத்தால் ஆகாத காரியமல்ல. விமான விபத்து விசாரணைகள் இதைத்தான் செய்கின்றன: பழி சுமத்துவது விசாரணையின் நோக்கமல்ல என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டு நடந்ததைச் சொல்கின்றன. 2023இல் இந்திய அரசு மாநிலத் தீயணைப்புப் பணிகளை நவீனப்படுத்த 5,000 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தபோது, அதில் 500 கோடியைச் சட்டச் சீர்திருத்தம் செய்யும் மாநிலங்களுக்கு ஊக்கமாக ஒதுக்கியது. அந்தச் சீர்திருத்தப் பட்டியலில், கற்றதை எழுதுகிறவருக்கான இந்தப் பாதுகாப்பையும் சேர்ப்பது பணச் செலவில்லாத காரியம்.

இரு நாடுகளும் ஒன்றுக்கொன்று உதவிக்கொள்வதில் நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள வேறுபாடு வியப்பானது. 2020 செப்டம்பர் 3இல் அம்பாறைக்கு அப்பால் ‘நியூ டயமண்ட்’ எண்ணெய்க் கப்பல் சுமார் 2.7 லட்சம் டன் கச்சா எண்ணெயோடு எரிந்தபோது இலங்கைக் கடற்படையும் இந்தியக் கடலோரக் காவல்படையும் தோளோடு தோள் நின்று அணைத்தன. சரக்கு எண்ணெய் கடலில் சிந்தவில்லை. மறு ஆண்டு கொழும்புக்கு அப்பால் ‘எக்ஸ்-பிரஸ் பேர்ள்’ சரக்குக் கப்பல் எரிந்தபோதும் இந்தியக் கப்பல்கள் வந்தன. இந்தக் கைகோப்பு அன்றைக்கு வானத்திலிருந்து குதிக்கவில்லை. இந்தியாவும் மாலத்தீவும் 1991 முதல் நடத்திவரும் ‘தோஸ்தி’ கடற்பயிற்சியில் இலங்கை 2012இல் சேர்ந்தது. முன்பே சேர்ந்து பயின்றவர்கள் ஆபத்தில் சேர்ந்து உழைத்தார்கள். பேர்ள் கப்பலின் கதையில் ஒரு வருத்தமும் உண்டு. நைட்ரிக் அமிலக் கொள்கலன் கசிவது தெரிந்து, கத்தாரின் ஹமாதிலும் குஜராத்தின் ஹசிராவிலும் அதை இறக்க முயன்று முடியாமல்தான் அந்தக் கப்பல் கொழும்புக்கு வந்தது. தீயணைக்கும் கப்பல்கள் எல்லை தாண்டி விரைந்து வந்தன. அந்த விரைவு முன்கூட்டிய எச்சரிக்கைக்கும் வேண்டும்.

தரையில் இப்படி ஒரு கூட்டுறவு பேசினாலே இறையாண்மைக் கேள்வி எழும். இலங்கையில் இந்தியா என்ற சொல்லுக்கு உள்ள பாரம் சிறியதல்ல. இதற்கு ஊகத்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை. நடந்த ஒன்றே இருக்கிறது. ‘1990 சுவசெரிய’ ஆம்புலன்ஸ் சேவை 2016இல் இந்திய நன்கொடையால் 88 வண்டிகளோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது. முதல் பணியாளர்கள் ஹைதராபாத்தில் பயிற்சி பெற்றார்கள். எதிர்ப்பும் சந்தேகமும் அப்போது நிறையவே கிளம்பின. இரண்டாண்டில் இலங்கை நாடாளுமன்றம் அதற்கெனச் சட்டம் இயற்றித் தன் சொந்த அறக்கட்டளையாக ஆக்கிக்கொண்டது. மேலும் 209 வண்டிகளோடு சேவை வடக்குக்கும் மற்ற மாகாணங்களுக்கும் விரிந்தது. இன்று மாத்தறையிலோ மன்னாரிலோ 1990ஐ அழைக்கிறவர் அதை இலங்கைச் சேவையாகத்தான் நினைக்கிறார். பயிற்சி வெளியிலிருந்து வந்தது, உரிமை உள்ளே இருந்தது. தீயணைப்புக்கு இந்த வழி பொருந்தாது என்பதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மட்டக்களப்பு போன்ற இடங்களில் வேலை நடப்பது தமிழில். தாம்பரத்தில் தமிழ்நாடு தீயணைப்புத் துறையின் மாநிலப் பயிற்சி மையம் இருக்கிறது. கட்டடங்களும் சட்டங்களும் வேறு என்பார்கள். உயர்மாடி அனுமதி, மாநகரச் சட்டம் இவற்றில் அது சரி. அவற்றைக் கொழும்புதான் சொல்லித்தர முடியும், சிங்களத்திலும் தமிழிலும். ஆனால் பனையோலைக் கொட்டகை, தகரக் கூரைக் கடை, கிணற்றில் விழுந்தவரை மீட்பது, சிலிண்டர் கசியும் சமையலறை, இவை நாகர்கோவிலிலும் சாவகச்சேரியிலும் ஒன்றுதான். கருவியும் பெரும்பாலும் ஒன்றுதான். பிரிட்டிஷ் காலம் விட்டுப்போன குழாய் இணைப்பில் ஆண் முனையைப் பெண் முனைக்குள் நேராக அழுத்தினால் ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும்; கழற்ற இரு பக்கமும் உள்ள பிடிகளை ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். மணல் ஒரு சிட்டிகை உள்ளே போனால் ரப்பர் வளையம் சரியாக அமராது, அழுத்தம் ஏறும்போது நீர் பீய்ச்சும். இதை இருட்டில், கையுறையோடு, சில நொடிகளில் செய்யப் பழக்குவதற்கு எந்த நாட்டுச் சட்டமும் குறுக்கே நிற்காது. நன்கொடையாக வேறு நாட்டு வண்டி வந்தால் அதன் முனை இதோடு சேராமல் போகலாம். மாற்று இணைப்பு ஒன்று வண்டியிலேயே இருக்கிறதா என்று முதல் நாளே பார்க்க வேண்டும் என்பது, முன்பு அப்படி மாட்டிக்கொண்ட ஒரு நிலையம் சொன்னால்தான் அடுத்த நிலையத்துக்குத் தெரியும்.

தொடங்குவதற்குப் பெரிய ஒப்பந்தம் வேண்டாம். வடக்கு, கிழக்கு மாகாணங்களின் உள்ளூராட்சித் திணைக்களங்கள் ஆண்டுக்குச் சில பணியாளர்களைத் தாம்பரத்துக்கு அனுப்பலாம். கொழும்பு மாநகர சபை தன் பயிற்சியை மற்ற மன்றங்களுக்குக் கட்டணம் நிர்ணயித்துக் கடமையாக ஏற்கலாம், அதற்கு மத்திய அரசு நிதி தரலாம். அதோடு ஒவ்வொரு பெரிய தீக்கும் பிறகு, பெயர் நீக்கிய, பழி சொல்லாத இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று முப்பது நாளுக்குள் மூன்று மொழிகளிலும் எல்லா நிலையங்களுக்கும் போக வேண்டும். அந்தக் குறிப்பில் முதலில் எழுத வேண்டியது எத்தனை மணிக்கு அழைப்பு வந்தது, தண்ணீர் எப்போது தீர்ந்தது, எந்த வாசல் பூட்டியிருந்தது என்பவை.